அவுட்டரில் ஒரு நாஷ்டா

யேசுதாஸ் விவரம் தெரிந்த நாளிலிருந்து எதையாவது சுற்றிக்கொண்டேதான் இருந்தான். கவரப்பேட்டைக்குக் கிழக்கே பண்ணை நிலத்தில் அப்பனும் அம்மாவும் கூலிக்கு அறுத்தபோது, இவன் களத்தில் போரடிக்கிற மாடுகளின் பின்னால் சுற்றினான். மீசை அரும்பியதும் பொன்னேரி பஸ் நிறுத்தத்தில் கரும்புச்சாறு பிழியும் சக்கரத்தைச் சுற்றினான். மாதா கோயில் திருவிழா வந்தால் ராட்டினம் சுற்றினான். ஏறிய பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள்; இவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வந்தது, புகைக்கூண்டுகள் எழுந்தன, பண்ணை வேலைக்குப் போனவர்களெல்லாம் ஒவ்வொருவராகக் காக்கிச் சட்டைக்கு மாறினார்கள். யேசுதாஸும் ஓர் இரும்புக் கம்பிக் கம்பெனியில் தற்காலிகத் தொழிலாளியாகச் சேர்ந்தான். கம்பிக் கட்டுகளைத் தூக்கும் வின்ச்சின் கைப்பிடியை அவனிடம் கொடுத்தார்கள்.

இப்படிச் சுற்றிச் சுற்றி அவனுடைய வலது தோள் இடது தோளைவிடப் பெருத்துவிட்டது. கிறிஸ்துமஸுக்குச் சட்டை தைக்கப் போகும்போதெல்லாம் டெய்லர் இதைப் பற்றி அலுத்துக்கொள்வார். யேசுதாஸ் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வான்.

அவன் மனைவி கிரேஸ் அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளக் குடும்பத்துப் பெண். கலியாணத்துக்குப் பிறகு அவளும் தொழிற்பேட்டையில் கட்டடம் எழும்பும் இடங்களுக்குச் சித்தாளாகப் போனாள். பேச்சு குறைவு, கோபம் அதைவிடக் குறைவு. அவளுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. அதை அவள் குறையாகச் சொன்னதில்லை, தகவலாகத்தான் சொன்னாள். கலியாணமாகிப் பதினோரு வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருநாள்கூட ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்பதே அந்தத் தகவல்.

யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். காலையில் அவன் முதல் வண்டிக்குப் போகிறவன். அவனுக்கு வைத்துக் கொடுத்து, மகள் சாராளுக்கும் சின்னவனுக்கும் ஊட்டி, மிச்சமிருப்பதை அவள் நின்றுகொண்டே வாயில் போட்டுக்கொண்டு சித்தாள் வேலைக்கு ஓடுவாள். ராத்திரி ஷிப்டு என்றால் அவன் வரும்போது அவள் கிளம்பிக்கொண்டிருப்பாள். பண்டிகை வந்தால் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். எல்லாருக்கும் பரிமாறி முடித்துக் குண்டானின் அடியைச் சுரண்டுகிறபோது அவள் மட்டும்தான் இருப்பாள். கலியாணப் பந்தியில் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்தது நிஜம். அன்றைக்கு வெட்கத்தில் அவளுக்கு ஒரு கவளம் இறங்கவில்லை, அதனால் அதைச் சேர்த்துக்கொள்ள முடியாது.

எழுபத்து நாலாம் வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் காலை, பாத்திரம் துலக்கிக்கொண்டே கிரேஸ் சொன்னாள்: "ஒரே ஒரு தபா ரெண்டு பேரும் ஒன்னா குந்திக்கினு துன்னணும். வேற யாராச்சும் எட்டாந்து வெக்கணும். சூடா. அவ்ளோதான் சாராள் அப்பா."

யேசுதாஸ் ஆகட்டும் என்றான். அவள் கேட்டு அவன் இல்லையென்று சொன்னதில்லை, செய்ததும் இல்லை. இந்த முறை மட்டும் அது அவன் மனசில் முள்ளாகத் தங்கிவிட்டது. சோறு வைக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

பொங்கலுக்கு அப்புறம் கம்பெனியில் தகராறாகிக் கதவை இழுத்து மூடிவிட்டார்கள். நிரந்தரத் தொழிலாளிகள் கேட்டுக்கு வெளியே கொடி நட்டு உட்கார்ந்தார்கள். தற்காலிகத் தொழிலாளிகளுக்கு எங்கே உட்காருவதென்று யாரும் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸிலிருந்து வடக்கே போகிற ஜி.என்.டி. ரோட்டில் பரசுராமன் தன் ரயிலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

பரசுராமன் பொதட்டூர்பேட்டைக்காரர். துணி வியாபாரத்தில் கொஞ்சம் சம்பாதித்து, பிறகு விற்காத காடாத் துணியைக் கட்டிக்கொண்டு அழுதவர். அழுதுகொண்டே இருக்கிற சுபாவம் இல்லாததால் ஒரு யோசனை பண்ணினார். கும்மிடிப்பூண்டிக்குச் சற்று முன்னால் ரோட்டோரமாக நீளக் கொட்டகை ஒன்று போட்டு, அதை ரயில் பெட்டி மாதிரி அமைத்தார். எதிரும் புதிருமாக மரப்பலகை இருக்கைகள், நடுவில் சாப்பாட்டு மேஜை, பக்கவாட்டில் கம்பி வைத்த ஜன்னல்கள், மேலே மூட்டை வைக்கிற பரண், ஒரு அபாயச் சங்கிலிகூட உண்டு. இழுத்தால் சப்ளையர் வருவார். பெட்டிக்கு முன்னால் தகர எஞ்சின் ஒன்று நின்றது. அதற்குள் ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை விட்டார்கள். அந்தப் புகை பொங்கலில் இறங்கித் தனி ருசி கொடுத்தது. வாசலில் 'பூண்டி எக்ஸ்பிரஸ் டிபன் ஹால்' என்று போர்டு.

வண்டி ஓட வேண்டுமே. அதற்குத்தான் காடாத் துணி. ஜன்னல்களுக்கு வெளியே பெட்டியின் இரண்டு கோடியிலும் ஆளுயர மர உருளைகளை நட்டு, துணியை ஒன்றோடொன்று தைத்து அவற்றைச் சுற்றி ஒரே வளையமாக மாட்டினார்கள். திருவள்ளூரில் சினிமா பேனர் எழுதும் சின்னதுரை வந்து, மெட்ராஸ் சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் துணி முழுக்க வரைந்தான். பனைமரம், ஏரி, கொக்கு, உப்பளம், மீஞ்சூர் ஸ்டேஷன், பொன்னேரி ஸ்டேஷன், எருமை, கவரப்பேட்டை ஸ்டேஷன், மறுபடி எருமை, கடைசியில் கும்மிடிப்பூண்டி. உருளையைச் சுற்றினால் ஊர்கள் ஜன்னலில் வரிசையாக ஓடும். கும்மிடிப்பூண்டி முடிந்த கையோடு மெட்ராஸ் வந்துவிடும். அது கொஞ்சம் இடித்தது, ஆனால் அதற்குள் வாடிக்கைக்காரர் காப்பிக்கு வந்திருப்பார் என்று பரசுராமன் சமாதானம் சொன்னார்.

கும்மிடிப்பூண்டிக்கு முன்னால் சின்னதுரை ஒரு கைகாட்டி மரமும் வரைந்திருந்தான். சிவப்புக் கை நேராக நீட்டிக்கொண்டிருந்தது, அதாவது வண்டி நிற்க வேண்டும்; கை இறங்கினால்தான் கிளம்பலாம். அந்தத் தடத்தில் போகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த அவுட்டர் சிக்னல் அது. காலை வண்டியை ஸ்டேஷனுக்குள் விடாமல் அங்கேதான் போட்டு வைப்பார்கள். நல்ல நாளிலே இதை ஏன் வரைந்து தொலைத்தாய் என்று பரசுராமன் கேட்டார். அவுட்டர் இல்லாமல் பூண்டி எப்படி வரும் என்று சின்னதுரை திருப்பிக் கேட்டான். பெயிண்டு காய்ந்துவிட்டதால் விட்டுவிட்டார்கள்.

உருளையைச் சுற்ற ஆள் வேண்டுமென்று கேள்விப்பட்டு யேசுதாஸ் போய் நின்றான். பரசுராமன் அவனுடைய வலது தோளை ஒரு பார்வை பார்த்தார். வேறெதுவும் கேட்கவில்லை.

அவன் நிற்கிற இடம் துணி வளையத்துக்கு உள்ளே, எஞ்சின் பக்கத்து உருளையின் அருகில். உள்ளே நிற்கிறவனுக்கு இரண்டு பக்கமும் துணியின் முதுகுதான் தெரியும். ஊர் சனமெல்லாம் ஏரியும் கொக்கும் பார்க்க, அதை ஓட்டுகிறவனுக்கு வெறும் அழுக்கு வெள்ளை. எந்த ஊர் எங்கே வருகிறதென்று தெரிய, துணியின் பின்புறம் அவனே அடையாளம் வைத்துக்கொண்டான்: கும்மிடிப்பூண்டிக்குச் சிவப்பு நூல் முடிச்சு, அவுட்டருக்குக் கரிக்கோடு. உருளையை ஒட்டி அறைந்த பலகையில் மரக்கணு உதிர்ந்து ஓர் ஓட்டை இருந்தது. அதில் கண்ணை வைத்தால் முதல் ஜன்னலின் இருக்கை மட்டும் தெரியும்.

ஆறு நாள் ரயிலில் இடிபடுகிறவன் ஏழாம் நாள் காசு கொடுத்து ரயிலில் உட்காருவானா என்று ஊரே சிரித்தது. உட்கார்ந்தான். பெண்டாட்டி பிள்ளையோடு வந்து உட்கார்ந்தான். இந்த வண்டியில் உட்கார இடம் கிடைத்தது, அதற்குமேல் ஒரு காரணமும் தேவைப்படவில்லை.

வண்டிக்குள் பாட்டும் உண்டு. முனுசாமி என்பவன் கறுப்புக் கண்ணாடி போட்டு, கஞ்சிராவைத் தட்டிக்கொண்டு, ரயில் பாடகன் மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பாடிக்கொண்டே போவான். அவனுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். மேஜையில் வடை மிச்சமிருந்தால் அதுவும் தெரியும். பரசுராமன் வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டு ஸ்டேஷன் மாஸ்டராக நின்று, வண்டி புறப்படுவதை ஒலிபெருக்கியில் அறிவிப்பார்.

திறப்பு விழா அன்றைக்கு ஒரு கூத்து நடந்தது. வந்தவர்களில் முக்கால்வாசி தொழிற்பேட்டை ஆட்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கவரப்பேட்டை தாண்டியதும் சிலர் துண்டை உதறினார்கள். முதல் ஜன்னலில் கும்மிடிப்பூண்டி என்ற மஞ்சள் பலகை எட்டிப் பார்த்ததுதான் தாமதம், அங்கே இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அவர்கள் எழுந்ததைப் பார்த்து அடுத்த மேஜையும் எழுந்தது. ஒருவர் கையில் பாதி வடையோடு பரணில் டிபன் கேரியரைத் தேடினார். வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு எல்லாரும் இறங்கி, மூன்று பேர் கம்பெனிப் பக்கம் நடக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பது ரோட்டைத் தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பி வர மானம் இடம் கொடுக்காமல் ஒருவர் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார். அவருடைய பெண்டாட்டி பூரி சாப்பிட்டு முடித்து நிதானமாகத் தனியே போனாள்.

வேறு யாராவதாக இருந்தால் அந்தப் பலகையைச் சுண்ணாம்படித்து மறைத்திருப்பார்கள். பரசுராமன் வியாபாரி. வெளியே கூட்டம் காத்துக்கொண்டிருக்கும்போது உள்ளே சாப்பிட்டு முடித்தவர்கள் பல்லைக் குத்திக்கொண்டு ஊர்க்கதை பேசுவதுதான் ஓட்டல்காரனுக்குப் பெரிய பேஜாரு. எழுந்து போங்கள் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. கும்மிடிப்பூண்டி வந்துவிட்டால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அன்றே யேசுதாஸ் தலைக்குமேல் ஒரு மணியைக் கட்டி, அதன் கயிற்றைத் தன் கல்லாவுக்கு இழுத்துக்கொண்டார். ஒரு மணி அடித்தால் மெதுவாகச் சுற்ற வேண்டும். இரண்டு மணி அடித்தால் கும்மிடிப்பூண்டியைச் சீக்கிரம் கொண்டுவர வேண்டும். கூட்டமுள்ள நாட்களில் மீஞ்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ஒரு இட்லி நேரத்தில் போன வண்டி உலகத்திலேயே அது ஒன்றுதான்.

மே தினத்துக்கு லீவு. பரசுராமன் தானாகவே யேசுதாஸைக் கூப்பிட்டு, குடும்பத்தை அழைத்துக்கொண்டு வா, காலை நாஷ்டா என் செலவு என்று சொன்னார். யேசுதாஸ் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். முதல் சுற்று முடிந்ததும் தானும் கொஞ்ச நேரம் போய் அவர்களோடு உட்காரலாமா? அந்த நேரம் மட்டும் முனுசாமி சுற்றட்டுமா? பரசுராமன், அதற்கென்ன, தாராளமாக உட்கார் என்று தோளில் தட்டினார். பெரிய தோளில்.

இதை வீட்டில் கிரேஸிடம் சொன்னான். மறுநாள் பெட்டியிலிருந்து கலியாணப் புடவையை எடுத்து வெயிலில் போட்டாள். அதற்குமேல் யேசுதாஸுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பதினோரு வருஷத்துக்குப் பிறகு இது தவறிப்போனால் இன்னொரு தடவை அவளிடம் ஆகட்டும் என்று சொல்ல வாய் வராது என்று அவனுக்குத் தெரிந்தது. முதல் ஜன்னலில் உட்கார வேண்டும், பக்கத்தில் எனக்கு இடம் பிடித்து வைக்க வேண்டும் என்று நாலு தடவை சொல்லிவிட்டு, விடிந்ததும் வேலைக்குப் போனான்.

கிரேஸ் வந்தாள். பவுடர் பூசி, பிள்ளைகளுக்கு எண்ணெய் வழிய வாரிவிட்டு, கதவு திறந்ததும் முதல் ஆளாக ஏறி, முதல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். சாராளும் சின்னவனும் எதிரே. தன் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் யேசுதாஸின் கட்டம்போட்ட துண்டைப் போட்டாள். அந்தத் தடத்து ரயிலில் துண்டு போட்ட இடம் துண்டு போட்டவனுடையது. அதில் கலெக்டர் வந்தாலும் உட்கார முடியாது. ஓட்டை வழியாகத் துண்டைப் பார்த்த யேசுதாஸுக்கு நெஞ்சு நிறைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு உருளையைச் சுற்ற ஆரம்பித்தான்.

லீவு நாள் என்பதால் கூட்டம் சொல்லி மாளாது. மீஞ்சூரிலிருந்தும் எளாவூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து ரோட்டில் வரிசை நின்றார்கள். முதல் சுற்று முடிந்து மற்றவர்கள் இறங்கினார்கள்; கிரேஸ் மட்டும் இடத்தை விடாமல் உட்கார்ந்திருந்தாள். யேசுதாஸ் முனுசாமி வருவான் என்று வழி பார்த்தான். முனுசாமியின் பாட்டு பெட்டியின் அந்தக் கோடியில் கேட்டது. பிறகு நடுவில் கேட்டது. பிறகு மறுபடி அந்தக் கோடிக்கே போய்விட்டது. துணிக்கடியில் குனிந்து வந்தது பரசுராமன்தான். ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பி வேர்வையில் நனைந்திருந்தது. கூட்டத்தைப் பார்த்தாயா, இன்றைக்கு ஒரு நிமிஷம்கூட வண்டி நிற்கக் கூடாது, முனுசாமியை விட்டால் பாட்டுக்கு ஆளில்லை, உன் பெண்டாட்டி பிள்ளைகள் ஆசையாகச் சாப்பிடட்டும், நீ அப்புறம் சமையல்கட்டில் சாப்பிட்டுக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷர்கள் சொன்ன சொல்லை மறக்கும்போது சண்டை போடவும் வழியில்லை.

யேசுதாஸ் சுற்றினான். சுற்றிக்கொண்டே ஓட்டையில் கண் வைத்தான்.

இலைகள் வந்துவிட்டிருந்தன. இட்லி, பொங்கல், வடை. சாராள் தின்றுகொண்டிருந்தாள். சின்னவன் சாம்பாரில் கையை முழுசாக விட்டிருந்தான். கிரேஸ் தன் இலையைத் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, ஓடுகிற ஏரியையும் எருமையையும் பார்க்காமல், துணி வருகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இட்லியிலிருந்து ஆவி வந்தது. கொஞ்ச நேரத்தில் ஆவி நின்றது.

தலைக்குமேல் இரண்டு மணி அடித்தது. யேசுதாஸ் வேகத்தைக் கூட்டினான். அனுப்பம்பட்டு வந்த சுவடு தெரியாமல் போயிற்று. பொன்னேரி பறந்தது. மறுபடி ஓட்டையில் பார்த்தபோது பரசுராமன் கிரேஸின் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் பின்னால் பெரிய குடும்பம் ஒன்று இடம் தேடி நின்றது. அவர் துண்டைக் காட்டி ஏதோ கேட்டார்.

"ஆளு வராரு" என்றாள் கிரேஸ்.

பரசுராமன் சிரித்துக்கொண்டே, அவன் வரமாட்டான் அம்மா, வேலையில் இருக்கிறான், நீயாவது ஆறுவதற்குள் சாப்பிடு என்றார். நல்லபடியாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் துண்டின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தார். கிரேஸ் துண்டின் அடுத்த ஓரத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள். வேறு ஒன்றும் செய்யவில்லை. அவள் முகம் பாத்திரம் துலக்கிக்கொண்டே பேசிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது.

பரசுராமனுக்குப் பதிலாகக் கல்லாவில் இருந்த பையன் மறுபடி இரண்டு மணி அடித்தான். கவரப்பேட்டை கடந்துவிட்டது. கைப்பிடியை இன்னும் ஏழெட்டுத் தடவை சுற்றினால் சிவப்பு முடிச்சு வரும், கும்மிடிப்பூண்டி வரும், எல்லாரும் எழுந்துவிடுவார்கள், அந்தக் கும்பலில் கிரேஸும் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு தொடாத இலையை விட்டு எழுந்து போய்விடுவாள். அதை நினைத்தபோது யேசுதாஸுக்கு முதல் தடவையாகத் தலை சுற்றியது. ராட்டினத்தில் சுற்றாத தலை அது.

துணியின் முதுகில் கரிக்கோடு வந்தது. அவன் கையை எடுத்தான்.

அப்படியே நிறுத்திவிட்டுச் சும்மா நிற்கவும் இல்லை. கைப்பிடியைக் கயிற்றால் தூணோடு சேர்த்துக் கட்டினான். துணிக்கடியில் குனிந்து வெளியே வந்து குழாயில் கையைக் கழுவினான். பெட்டியின் முன்வாசலில் ஏறினான்.

வண்டி நின்றதும் பெட்டிக்குள் என்ன கலவரமாகுமோ என்று அவனுக்கு உள்ளூர உதறல்தான். ஒன்றும் ஆகவில்லை. முதல் ஜன்னலுக்கு அடுத்த மேஜையிலிருந்த வயசான ஃபிட்டர் ஒருவர் கம்பியில் கன்னத்தை வைத்து முன்னால் பார்த்தார். சிவப்புக் கை நீட்டிய கைகாட்டியைக் கண்டார்.

"அவுட்டர்ல போட்டுட்டான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை பெட்டியின் கடைசிவரை போய்ச் சேர்ந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை. வருஷக்கணக்காக ஒவ்வொரு காலையும் அந்த இடத்தில் நின்று பழகிய சனம் அது. எழுந்து துண்டை உதறியவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார். நாலு பேர் சீட்டுக்கட்டை எடுத்தார்கள். ஒரு பெண் குழந்தையை மடியில் போட்டுத் தட்டித் தூங்கவைத்தாள். ரயில்வேக்காரனைக் கொஞ்சம் திட்டினார்கள், எக்ஸ்பிரஸை முன்னால் விடுவதற்காக நம்மைப் போட்டு வைக்கிறான் என்று ஒருவர் மற்றவருக்கு விளக்கம் சொன்னார். எப்படியும் கிளம்ப நேரமாகும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால் ஆளுக்கொரு காப்பி சொன்னார்கள். சிலர் வடையும் சொன்னார்கள். முனுசாமி, நிற்கிற வண்டியில்தான் பாட்டுக்கு மரியாதை என்று தெரிந்தவன்போல், பெட்டியின் கடைக்கோடியிலிருந்து புதுப் பாட்டு ஒன்றை எடுத்தான்.

யேசுதாஸ் முதல் மேஜைக்கு வந்தான். பரசுராமன் விரலிடுக்கில் இன்னும் துண்டு இருந்தது. அவன் அதை அவரிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, கிரேஸின் பக்கத்தில் உட்கார்ந்தான். பின்னால் நின்ற குடும்பத் தலைவர், அவர் துண்டு போட்ட இடம்தானே என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்.

உட்கார்ந்த பிறகுதான் யேசுதாஸ் ஜன்னலைப் பார்த்தான். மூன்று மாசமாக அவன் சுற்றிய ஊர் அது. முன்பக்கம் இப்படி இருக்குமென்று அவனுக்குத் தெரியாது. பச்சையில் வயல், நீலத்தில் ஏரி, கைகாட்டிக்கு அடியில் சின்னதுரை வரைந்த ஒரு வெள்ளாடு. ஆடு நகரவில்லை. அவன் இங்கே இருந்தால் அது நகராது, அது நகர்ந்தால் அவன் இங்கே இருக்க முடியாது. இதைக் கிரேஸிடம் சொல்ல நினைத்தான், எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"நல்லாத்தான் வரைஞ்சிக்கிறான்" என்றான்.

"உன் எல வரட்டும்" என்றாள் கிரேஸ்.

சப்ளையர் இலை கொண்டுவந்து போட்டார். இட்லி வைத்தார். கிரேஸ் தன் ஆறிப்போன இட்லிகளை அவனுக்குத் தெரியாமல் பிள்ளைகளின் இலைக்குத் தள்ளிவிட்டு, தனக்கும் புதிதாக வைக்கச் சொன்னாள். வைத்தார். இரண்டு இலையிலிருந்தும் ஆவி எழும்பியது. அவள் சின்னதாகச் சிலுவை போட்டுக்கொண்டு இட்லியைப் பிட்டாள். அவனும் பிட்டான். வாயில் வைத்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வைக்கோல் புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாக எஞ்சின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். கிரேஸ் அழவில்லை. மென்றுகொண்டே அவன் பக்கம் திரும்பி, அவன் மெல்லுவதையே பார்த்தாள். பதினோரு வருஷமாக அவள் பரிமாறுகிற உயரத்திலிருந்துதான் அவன் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறாள். பக்கத்திலிருந்து பார்ப்பது அவளுக்கும் புதுசு.

அதற்குள் பரசுராமனுக்கு மூச்சு திரும்பியது. வெளியே வரிசை நிற்கிறது, உள்ளே சீட்டாடுகிறார்கள். எந்த ஓட்டல்காரனுக்கும் வயிறு எரியும். அவர் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"யேசு, வெளையாடாத. போயி வண்டிய எடு நைனா."

யேசுதாஸ் வாயில் இருந்த இட்லியை நிதானமாக மென்றான். விழுங்கிவிட்டு ஜன்னலைக் காட்டினான். "கைகாட்டி எறங்கல, மொதலாளி."

இதைக் கேட்டுவிட்டு ஃபிட்டர் திரும்பிப் பார்த்தார். அவருடைய மேஜையும் திரும்பிப் பார்த்தது. கை இறங்காமல் வண்டியை எடுப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அவர் ஸ்டேஷன் மாஸ்டருக்கு எடுத்துச் சொன்னார். வேடிக்கைக்குச் சொல்கிறாரா நிஜமாகவே சொல்கிறாரா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்கே அது தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

பரசுராமன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஜன்னல் வழியாகக் கைகாட்டியைப் பார்த்தார். நேராக நீட்டிய சிவப்புக் கை, மூன்று மாசத்துக்கு முன்னால் காய்ந்த பெயிண்டு.

"அது எப்பம்மா எறங்கும்?" என்று கேட்டார். யேசுதாஸ் மறுபடி வாய் நிறைய வைத்திருந்ததால் கேள்வி கிரேஸுக்குப் போயிற்று.

கிரேஸ் அவசரப்படவில்லை. விரலில் ஒட்டியிருந்த சட்னியை வழித்துச் சாப்பிட்டு முடித்தாள்.

"நாங்க துன்னு முடிச்சதும் எறங்கும்" என்றாள்.

பிறகு கையைத் தூக்கி அபாயச் சங்கிலியை இழுத்தாள். சப்ளையர் வந்தார். சாம்பார் இன்னும் கொஞ்சம் வேண்டும், சூடாக வேண்டும் என்று சொன்னாள். அவர் போய்க் கொண்டுவந்து, முதலில் அவள் இலையில் ஊற்றினார்.